நியாயம் கதையாதேங்கோ, அண்ணை

பிள்ளைகளே, எங்கள் பேச்சில் "நியாயம் கதைக்கிறது" என்று ஒன்று இருக்கிறது. பிழையைச் செய்துவிட்டு அதற்குப் பத்துக் காரணம் சொன்னால், "நியாயம் கதையாமல் போய்க் கையைக் கழுவு" என்று அம்மா சொல்லுவாவே, அதுதான். நியாயம் நல்ல சொல். கதைப்பதும் நல்ல காரியம். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படிப் பழுதாகிப் போகிறது என்று எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. விளங்கப்படுத்தியவர் சுவிஸில், பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடி வந்து, "என்னைக் கேட்டனீங்களோ?" என்று சண்டை பிடிப்பார். அப்படியான ஆள். என்னை விட ஆறு வயது இளையவர், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த உடம்பு. ஆனால் முப்பது தட்டை ஒரே அடுக்காகத் தூக்கிக்கொண்டு நடப்பார். பனி கொட்டும் மாதத்திலும் சட்டைக் கை முழங்கைக்கு மேலேதான் மடிந்திருக்கும். சிரித்தால் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். மற்றப் பக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

பாத்திரம் கழுவும் பகுதியில் தட்டு உடைவது சாதாரணம். நாங்கள் உடைத்தால் துண்டுகளைக் குப்பைக்குள் அமத்தி, மேலே வாழைப்பழத் தோலைப் போட்டுவிடுவோம். அவர் உடைத்தால் துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே செஃபிடம் போவார். "நான்" என்பார். ஒரு சொல்தான். ஈரத் தரை, வழுக்கும் கையுறை என்று ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் நான் சூப் கிண்ணம் ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த செஃப் பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தார். "நானில்லை" என்றுவிட்டு அவர் தன் பாட்டில் கழுவினார். யார் என்று சொல்லவில்லை. பொய்யும் சொல்ல மாட்டார், கோளும் சொல்ல மாட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வியர்ப்பது எங்கள் வேலை.

அதனால் எங்களுக்குள் அவருக்கு "நீதவான்" என்று பட்டம். "மெல்லமாய்க் கதையுங்கோ, நீதவான் வாறா" என்போம். அவருக்கும் தெரியும். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், "வழக்கை நடத்துங்கோ, நான் தேத்தண்ணி குடிக்க வந்தனான்" என்றார்.

அதற்காக அவரைச் சாமி என்று நினைக்க வேண்டாம். மத்தியான இடைவேளையில் நாங்கள் சீட்டு விளையாடுவோம், முந்நூற்றி நாலு. அதில் அவரைப் போல ஒரு கள்ளி பேர்ண் முழுக்க இல்லை. காதைச் சொறிந்தால் ஒரு அடையாளம், கரண்டியைத் திருப்பி வைத்தால் இன்னொரு அடையாளம். எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், தடித்த கண்ணாடி போட்டதால் அவரைக் கண்ணாடி அண்ணை என்போம். அவர் ஒரு நாள் சீட்டை எறிந்துவிட்டு, "பெரிய நீதவான், சீட்டிலை களவு செய்யலாமோ?" என்று கேட்டார்.

"சீட்டிலை எல்லாரும் எல்லாரையும் சுத்துறம் எண்டு எல்லாருக்கும் தெரியும். நீங்களும் தானே மூக்கைத் தடவுறியள்," என்றார் அவர். "தெரியாத ஆளைச் சுத்திறதுதான் அண்ணை களவு."

நாங்கள் சுத்திக்கொண்டிருந்த, தெரியாத ஆள் ஒருவர் இருந்தார். அதை இனிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் களவில் முன்னுக்கு நின்றவன் உங்கள் அப்பா.

எங்கள் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டெம்பல் மெஷின் இருந்தது. அட்டையைக் காட்டினால் "பீங்" என்று சத்தம் போட்டு நேரத்தைப் பதியும். வெள்ளை உடுப்புப் போட்ட பிறகுதான் அட்டையைக் காட்டலாம் என்பது சட்டம். உடுப்பு மாற்றும் அறையோ அடுத்த கட்டிடத்தின் நிலக்கீழ் மாடியில். அங்கே இறங்கி, மாற்றி, நீளமான சுரங்கப் பாதையால் நடந்து, படி ஏறி வரப் பன்னிரண்டு நிமிடம். பின்னேரம் திரும்பிப் போகவும் அதே பன்னிரண்டு. அந்த நேரம் வேலை நேரத்தில் சேராது. அது அநியாயம். அன்றைக்கும் அநியாயம், இன்றைக்கு நினைத்தாலும் அநியாயம்.

அதற்கு அங்கிருந்த தமிழரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வழி கண்டுபிடித்தோம். எல்லாருடைய அட்டையும் ஒரு பிஸ்கற் டின்னுக்குள் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒருவர் மட்டும் வேளைக்கு வந்து உடுப்பு மாற்றி, ஆறரைக்கு ஐந்து அட்டையையும் காட்டிவிடுவார். மற்ற நான்கு பேரும் ஆறுதலாக வரலாம். பின்னேரமும் அப்படியே. ஐந்து தரம் மணி அடிப்பதால் அதற்குப் பூசை என்று பெயர், அன்றைய முறைக்காரர் ஐயர். "நாளைக்கு ஆர் ஐயர்?" என்று செஃபுக்கு முன்னாலேயே கேட்போம். அவரும் ஏதோ கோயில் விஷயம் என்று தலையை ஆட்டுவார்.

நீதவான் தன் அட்டையை டின்னுக்குள் போட மறுத்துவிட்டார். ஆறு பதினெட்டுக்கே வந்து, மாற்றி, நடந்து, தன் அட்டையைத் தானே காட்டுவார்.

"அவங்கள் எங்கடை நேரத்தைக் களவெடுக்கிறாங்கள். நாங்கள் திருப்பி எடுக்கிறம். இதிலை என்ன பிழை, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"நியாயம் கதையாதேங்கோ, அண்ணை. எடுக்கிறதெண்டால் எடுங்கோ. அதுக்கு வெள்ளை உடுப்புப் போடாதேங்கோ."

அன்றைக்கு எனக்கு நல்ல கோபம். எங்களுக்கு நேரம் மிச்சமாவது பொறுக்காத மனுசி என்று வீட்டில் வந்து திட்டினேன்.

பிறகு 2009 வந்தது. அந்த வருடம் வன்னியில் நடந்ததை நான் இங்கே எழுதவில்லை, என்னால் முடியாது. அவருடைய ஒரே தம்பி அங்கே இருந்தார். மாசி மாதத்தில் கடைசியாகக் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல ஆளில்லை, இல்லை என்றும் சொல்ல ஆளில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்த கிழமை நாங்கள் ஒருவரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அவர் ஒரு நாளும் வேலைக்கு வராமல் விடவில்லை. தட்டுகளை மட்டும் வழமையை விடப் பலமாக அடுக்கினார்.

அந்தக் கோடையில் எங்களுக்குள் ஒரு பேச்சுப் பரவியது. "உலகத்திலை என்ன நியாயம் கிடக்கு, இனி நாங்கள் மட்டும் என்னத்துக்கு?" முதலில் அதைத் துக்கத்தில் சொன்னோம். பிறகு பழக்கத்தில் சொன்னோம். சொல்லச் சொல்லக் கை நீண்டது. காலைச் சாப்பாட்டில் பிரிக்காமல் திரும்பி வரும் சின்ன வெண்ணெய்ப் பொட்டலங்கள் முதலில் பைக்குள் போயின. பிறகு சீஸ் துண்டு. பிறகு கோப்பித்தூள். நானும் எடுத்தேன். வெண்ணெய் வாங்க வக்கில்லாமல் அல்ல. எடுக்கும்போது யாரையோ பழிவாங்குவது போல ஒரு ஆறுதல் இருந்தது.

ஒரு நாள் நான் பைக்குள் வைக்கும்போது பின்னால் வந்து நின்றார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது அந்த வசனம்தான்: "உலகமே அநியாயமாய்க் கிடக்கு, தங்கச்சி."

அவர் மெல்லமாகச் சொன்னார். "உலகம் அநியாயம் எண்டு உங்களிலும் பார்க்க எனக்குத் தெரியும், அண்ணை. அதுக்கும் இந்த வெண்ணெய்க்கும் என்ன தொடர்பு?"

எடுத்ததைத் திருப்பி வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அடுத்த கிழமை மறுபடியும் எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வெண்ணெய் எனக்கு ருசிக்கவில்லை.

இன்னொரு நாள், இருவரும் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "நல்லது செய்தால் நல்லது நடக்கும் எண்டு நம்புறீரோ?"

"இல்லை. அப்பிடி நடக்கிறதெண்டால் என்ரை தம்பிக்கு நடந்திருக்க வேணும்." கத்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "நியாயத்துக்குக் கால் இல்லை, அண்ணை. தானாய் நடந்து வராது. ஆரும் தூக்கிக்கொண்டு போய் வைச்சால்தான் உண்டு."

தூக்கிக்கொண்டு போனார். 2010 இலையுதிர் காலத்தில், எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல், நிர்வாகத்தில் ஆட்களுக்குப் பொறுப்பான அம்மாவிடம் தெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துப் போனார். உடுப்பு மாற்றும் நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். திரும்பி வந்து சீட்டு மேசையில் ஒரு தாளைப் போட்டார். ஸ்டெம்பல் மெஷினில் இருந்து எடுத்த பட்டியல்.

"என்ன சொல்லிச்சினம்?" என்று கண்ணாடி அண்ணை கேட்டார்.

"உங்களைப் புகழ்ந்தவை."

நாங்கள் பகிடி என்று நினைத்தோம். பகிடி இல்லை. அந்த அம்மா பட்டியலைக் காட்டிச் சொன்னாராம்: பாருங்கள், உங்கள் நாட்டவர் ஐந்து பேர், ஒவ்வொரு நாளும் ஒரே நிமிடத்தில், ஒரு நாள் கூடப் பிந்தாமல், என்ன ஒழுங்கு! நேரம் போதாது என்றால் இது எப்படி முடியும்? அவர்களுக்கு இல்லாத கஷ்டம் உங்களுக்கு மட்டும் எப்படி?

மேசையில் ஒருவரும் சீட்டைத் தொடவில்லை. எங்களிடம் எடுக்கப்பட்ட பன்னிரண்டு நிமிடத்தை நாங்கள் எடுத்த பன்னிரண்டு நிமிடம் மூடி மறைத்திருந்தது. எங்களுக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. அந்தச் சுரங்கப் பாதையால் நாற்பது பேர் நடந்தார்கள். முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வரும் போர்த்துக்கல் அம்மா ஒருவரும் நடந்தார். அவருக்கும் சேர்த்து அந்த நேரம் இல்லை என்று சொன்னது எங்கள் அட்டைகள்தான்.

"நீர் சொல்லேல்லையோ, உண்மையை?" என்றேன்.

"அது என்ரை வாயாலை சொல்லுற கதை இல்லை. நீங்கள் சொல்ல வேணும், இல்லாட்டி விட வேணும்."

ஒரு வழி மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். கீழே, உடுப்பு மாற்றும் அறை வாசலில், சலவைப் பகுதிக்கென்று இன்னொரு மெஷின் இருந்தது. அடுத்த திங்களிலிருந்து ஒரு மாதம் எல்லாரும் கீழே ஒரு தரம், மேலே ஒரு தரம் அட்டையைக் காட்டுவது. எவ்வளவு நேரம் போகிறது என்று நிர்வாகம் பார்க்கும்.

கண்ணாடி அண்ணைக்கு முகம் மலர்ந்தது. "நல்லது. கீழையும் ஐயர் அடிக்கட்டும், மேலையும் ஐயர் அடிக்கட்டும். பதினைஞ்சு நிமிஷம் விட்டு அடிச்சால் லாபம்."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அப்பிடியெண்டால் நான் கேட்டதை நாளைக்கே திருப்பி எடுக்கிறன்," என்றுவிட்டு எழும்பிப் போனார்.

மேசையில் இருந்த எல்லாருக்கும் நிலைமை விளங்கியது. இந்த மாதம் உண்மையாக அட்டை காட்டினால் பழைய பொய் தானாக வெளியே வரும். ஒரே நிமிடத்தில் வந்த ஐந்து பேர் திடீரென்று ஏன் ஐந்து நேரத்தில் வருகிறார்கள் என்று சின்னக் குழந்தைகூடக் கேட்கும். வேலை போகலாம். எனக்கு அப்போது பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதிதான். வருடா வருடம் புதுப்பிக்க வேலைக் கடிதம் வேண்டும். மூத்தவளே, உனக்கு மூன்று வயது. சின்னவன் அம்மாவின் வயிற்றில்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் அழுதா. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "மூண்டு வருஷமாய் அவங்கள் அநியாயம், அவங்கள் அநியாயம் எண்டு எனக்குச் சொல்லிச் சொல்லி என்ரை காது புளிச்சுப் போச்சு. ஒருக்கால் அவங்களிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்," என்றா.

திங்கள் என் முறை. காலையில் டின்னைத் திறந்து மற்ற நால்வருக்கும் அவரவர் அட்டையைக் கொடுத்தேன். மேலே போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். மூன்று பேர் ஏப்ரனைக் கழற்றிவிட்டு என்னோடு வந்தார்கள். கண்ணாடி அண்ணை மட்டும் நின்றார்.

"போ, போ. உன்ரை பெர்மிட்டையும் சேர்த்து மெஷினிலை அடிச்சுப்போட்டு வா," என்றார்.

என் ஜெர்மன் சமையலறைக்குக் காணும், அலுவலகத்துக்குக் காணாது. நீதவானை மொழிபெயர்க்கக் கேட்டேன். வந்தார். பொறுப்பான அம்மாவும் செஃபும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்: சுரங்கப் பாதை நீளம், குளிர், எங்கள் நாட்டு நிலைமை, சின்னப் பிள்ளைகள்...

அவர் மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "இது நியாயம் கதைக்கிறது. செய்ததைச் சொல்லுங்கோ முதல்."

"மற்றவையின்ரை அட்டையை நான் காட்டினனான். என்ரை அட்டையை மற்றவை காட்டினவை. மூண்டு வருஷம்."

அதை அப்படியே சொன்னார். ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஆனால் ஜெர்மனில் "மூன்று வருடம்" என்று கேட்கும்போது, நான் சொன்னதை விட நீளமாகத்தான் கேட்டது. செஃபின் முகம் சிவந்தது. அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார். அப்போது கதவு திறந்தது. கண்ணாடி அண்ணை, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்துத் தமிழில், "நான் இல்லாமல் பூசையோ?" என்றார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டு, "இஹ் ஔஹ்" என்றார். நானும்தான்.

செஃப் கதைக்க வாயெடுத்தார். அதற்கு முன் நீதவான் பட்டியலைத் தன் பக்கம் திருப்பினார். இனித் தன் முறை என்பது போல இருந்தது. அவர் ஜெர்மனில் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு: இவர்கள் செய்தது பிழை, அதை அவர்களே சொல்லிவிட்டார்கள். இனி இந்தத் தாளைப் பாருங்கள். நீங்கள் போன கிழமை எனக்குக் காட்டிய சாட்சி இது ஒன்றுதான், அது பொய் என்று இப்போது தெரிகிறது. இவர்கள் ஒவ்வொரு தரமும் எடுத்தது பன்னிரண்டு நிமிடம். பதின்மூன்று இல்லை. அந்தப் பன்னிரண்டு எங்கேயிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாமா?

மூன்று வருடம் நான் கதைத்த நியாயத்தைத்தான் அவர் சொன்னார். என் வாயில் அது களவுக்குப் போர்வையாக இருந்தது. உண்மையைச் சொல்லி முடித்த பிறகு, அவர் வாயில் அது நியாயமாகவே இருந்தது. அந்த அறையில் நின்றபோதுதான் பிள்ளைகளே, அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

எங்கள் ஐவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை என்றால் அன்றைக்கே வீடு என்று எழுதியிருந்தது. கையொப்பம் போட்டோம். வேலை போகவில்லை. நாங்களாகவே வந்து சொன்னதால்தான் என்று செஃப் பிறகு ஒரு நாள் சொன்னார். சொல்லும்போதும் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது.

அந்த மாதம் நாற்பது பேரும் கீழேயும் மேலேயும் அட்டை காட்டினோம். ஒருவருக்கும் பதினொரு நிமிடத்துக்குக் குறையவில்லை. போர்த்துக்கல் அம்மாவுக்குப் பதினேழு. புது வருடத்தின் முதல் வேலை நாளுக்கு முன்பே சமையலறைக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது: இனிமேல் எல்லாருக்கும் வேலை நேரம் கீழே, உடுப்பு மாற்றும் அறை வாசலில் தொடங்கும், அங்கேயே முடியும்.

அந்த முதல் நாள் காலை எனக்குச் சாகும் வரை மறக்காது. ஆறரைக்குக் கீழே வரிசையாக நின்று அவரவர் அட்டையை அவரவர் காட்டினோம். பிறகு மாற்றிக்கொண்டு, வெள்ளை உடுப்போடு எல்லாரும் ஒன்றாகச் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். அவ்வளவு காலமும் அங்கே ஒருவரும் கதைத்ததில்லை, ஓட்டமும் நடையும்தான். அன்றைக்கு யாரோ விசில் அடித்தார்கள். எரித்திரியப் பொடியன்கள் கை தட்டினார்கள். முழங்கால் வலிக்காரி சுவரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தில் வருவது போல நடுவால் நடந்தார். கண்ணாடி அண்ணை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காணி பார்க்க வந்தவர் மாதிரி நடந்தார். நானும் ராசா மாதிரி ஆறுதலாக, ஒவ்வொரு அடியையும் ருசித்து ருசித்து வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் முதுகைத் தள்ளியது. திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவருடைய வாயின் இரண்டு பக்கமும் சிரித்தது.

"கெதியாய் நடவுங்கோ, அண்ணை," என்றார். "இது இப்ப அவையின்ரை நேரம்."